அப்பாவின் திதியைத் தேடி கிராஞ்சி வரை

சிங்கப்பூரில் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது காப்பி. டின் பாலை அடியில் ஊற்றி, அதன் மேல் கறுப்பாக எதையோ ஊற்றி, நீயே கலக்கிக்கொள் என்று கரண்டியைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். நாகப்பட்டினத்தில் எவனாவது இதைக் காப்பி என்று என் முன்னால் வைத்திருந்தால் நடப்பதே வேறு. "பால் இல்லையா?" என்று கேட்டேன். "உள்ளாற இருக்கிறது என்னாவாம்?" என்றார் கடைக்காரர். கரண்டியை எடுத்துக் கலக்கினேன்.

நான் போனது எங்கள் பள்ளித் தாளாளரின் மனைவிக்குத் துணையாக. அவர் மகள் அங்கே வாழ்க்கைப்பட்டு முழுகாமல் இருந்தாள். அம்மாளைப் பத்திரமாக மகள் வீட்டில் சேர்த்துவிட்டு அடுத்த கப்பலில் திரும்பிவிட வேண்டியது. மற்ற ஆசிரியர்களெல்லாம் கடல் ஒத்துக்கொள்ளாது, வயிற்றைப் பிரட்டும் என்று நழுவிக்கொண்டார்கள். நான் மட்டும் முந்திக்கொண்டு சரி என்றேன். எனக்கு அந்த ஊரில் சொந்தமாக ஒரு காரியம் இருந்தது. என் அப்பா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரிய வேண்டும். இல்லையென்றால், எந்த நாளில் போனார் என்று தெரிய வேண்டும்.

நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது அவர் கப்பல் ஏறினாராம். சில வருஷங்கள் கடிதம் வந்தது. சிராங்கூன் ரோட்டில் ஒரு கடை விலாசத்துக்குத்தான் பதில் எழுதுவோம். பிறகு கடிதம் நின்றது, யுத்தம் வந்தது, கடையும் இல்லாமல் போனது. யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியவர்கள், "சயாம் ரயில் போட ஜப்பான்காரன் புடிச்சிட்டுப் போனதுல உங்கப்பாவும் போயிருப்பாரு" என்றார்கள். சொன்னவர்களில் ஒருவரும் கண்ணால் பார்த்தவர் இல்லை. அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பொட்டும் பூவுமாகவே இருந்தாள்.

போன மார்கழியில் அம்மா போய்விட்டாள். பாடை கட்டும்போது, பூ வைக்கலாமா கூடாதா என்று வாசலில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. செத்துக் கிடப்பவளை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா அது? நான் கத்தியபிறகுதான் பூ வைத்தார்கள். ஆனால் கருமாதி அன்று ஐயர் கேட்ட கேள்விக்கு என்னால் கத்த முடியவில்லை. "தகப்பனார் இருக்காரா?" என்றார். இருப்பவருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டால் பாவம். போனவருக்கு விடாமல் இருந்தாலும் பாவம். அதன் பிறகு வந்த தை அமாவாசைக்குக் கடற்கரை வரை போய், எல்லோரும் தர்ப்பணம் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். கூடப் பிறந்தவர்கள் இல்லை. கல்யாணமும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து எவரிடம் சொல்வது?

எனக்குக் காகிதத்தில் அசையாத நம்பிக்கை உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு எடுத்த முதல் குடிமதிப்புக் கணக்கெடுப்பில் எங்கள் தெருக்களை எழுதியவன் நான். வாத்தியார்கள் தலையில்தானே இந்த வேலையெல்லாம் விழும். வீடு வீடாகப் போய்ப் பெயர், வயது, பிறந்த ஊர், தொழில் என்று எழுதினேன். எங்கள் வீட்டையும் நானே எழுத வேண்டி வந்தது. மணமானவரா, விதவையா என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கல்யாணமானவன்னு எழுது. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள். எழுதினேன். இங்கே நான் எழுதியதுபோல அங்கேயும் யாரோ ஒருவன் அப்பாவின் வாசலில் நின்று எழுதியிருப்பான், அந்தத் தாளைப் பிடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்பதுதான் என் கணக்கு.

சிங்கப்பூர்க் குடிமதிப்பு அலுவலகத்தில் ஒரு சீனப் பெண் பொறுமையாகக் கேட்டாள். அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. வீட்டுத் தாள்களை யாருக்கும் காட்டுவதில்லை, பழையவை இப்போது கிடையாது, கூட்டித் தொகை போட்டு முடிந்ததும் அவற்றின் வேலை முடிந்துவிட்டது என்றாள். பாவம் பார்த்து அச்சடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். தமிழர், ஆண், இன்ன வயது முதல் இன்ன வயது வரை, இத்தனை பேர் என்று ஒரு தொகை. என் அப்பா அந்தத் தொகைக்குள் எங்கோ இருந்தார். ஊரில் நான் எழுதிக் கொடுத்த தாள்கள் எங்கே போயின என்று நானும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

அவள்தான் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போகச் சொன்னாள். அங்கே இருந்த எழுத்தர் சவரிமுத்து என்ற தமிழர். கழுத்தில் சிலுவை, முகத்தில் சிடுசிடுப்பு. விண்ணப்பத்தில் அப்பாவின் பெயரைப் படித்துவிட்டு, "மாரிமுத்தா? மாரிமுத்து எத்தன பேரு இருக்காங்க தெரியுமா சார்? எந்த வருஷம்னாச்சும் சொல்லுங்க" என்றார். வருஷம் தெரிந்தால் நான் ஏன் இவ்வளவு தூரம் வருகிறேன் என்று கேட்டேன். "கோபப்படாதீங்க லா. பொறந்த ஊரு, அப்பா பேரு எல்லாம் எழுதி வச்சிட்டுப் போங்க. வெள்ளிக்கிழம வாங்க" என்றார். அந்த ஊரில் யார் பேச்சின் வாலிலும் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை வரை என்ன செய்வது? சிராங்கூன் ரோட்டை ஒட்டிய தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே எனக்கு அறை. கூட இருந்தவர்கள் எல்லோரும் விடியுமுன் வேலைக்குப் போய்விடுவார்கள். கயிற்றில் அவர்களுடைய கைலிகள் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். கீழே மிளகாய் நெடியும் சாக்கு வாசனையும் ஏறி வரும். பகலில் மெஸ்ஸில் சாப்பாடு. சாம்பாரில் சர்க்கரை போட்டார்களோ என்று சந்தேகமாகவே இருந்தது. ஆனால் இலை போட்டுத்தான் பரிமாறினார்கள், அதைச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. கிராஞ்சி, சுவா சூ காங், கப்பற்படைத் தளம் என்று எங்கெங்கோ வேலை செய்கிற ஆண்பிள்ளைகள் எல்லோரும் வந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தவர்கள் முதலில் கேட்டது, "எந்த ஊரு?" நாகப்பட்டினம் என்றதும் முகம் மலரும். "அட, நாங்க அங்கதானே கப்பல் ஏறினோம்" என்பார்கள். அவர்களுக்கு என் ஊர் என்பது ஒரு துறைமுகம், ஒரு சுங்கச் சாவடி, ஓர் இரவு படுத்த சத்திரம். அந்த ஊர்க்காரர் மாரிமுத்து என்று ஒருவரை இங்கே தெரியுமா என்று கேட்டால் மலர்ந்த முகம் சுருங்கிவிடும். அவ்வளவு தமிழ்ச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, இந்த ஊரில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் இல்லையே என்று நினைத்தேன். ஊரிலும் இப்போது அதே கதைதான் என்று உடனே ஞாபகம் வந்தது.

சும்மா இருக்கப் பிடிக்காமல் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பஸ்ஸில் ஏறி ஊரைச் சுற்றினேன். ஒரு திருப்பத்தில் பஸ்ஸின் கொம்பு கம்பியை விட்டுக் கழன்றுகொண்டது. கண்டக்டர் ஒரு நீள மூங்கிலோடு இறங்கி, கொம்பைத் தூக்கிக் கம்பியில் மாட்டப் படாதபாடு பட்டார். அது மாட்டுவதும் நழுவுவதுமாக இருந்தது. வண்டிக்குள் சீனர், மலாய்க்காரர், நாங்கள் என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மாட்டியதும் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தோம். அந்த வாரத்தில் நான் இன்னொருவரோடு சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மெஸ்ஸில் ஒருவர், சுவா சூ காங்கில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிற மாரிமுத்து என்ற பெரியவர் நாகப்பட்டினம் பக்கம்தான் என்று அடித்துச் சொன்னார். நம்பிப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, சேற்றில் செருப்பு அறுந்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு தொழுவத்தைக் கண்டுபிடித்தேன். மாரிமுத்து இருந்தார். அவர் நாமக்கல். "நாகப்பட்டினம்னா நாமக்கல் மாதிரிதான் காதுல விழுவும் போல" என்று சிரித்துவிட்டு, கறந்த பாலைக் காய்ச்சி ஒரு டம்ளர் நிறையக் கொடுத்தார். அந்த ஊரில் நான் குடித்த நல்ல பால் அது ஒன்றுதான். மெஸ்காரனை மனதுக்குள் வைதுகொண்டே வெறுங்காலோடு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை சவரிமுத்துவின் சிடுசிடுப்பு கூடியிருந்தது. என் விண்ணப்பத்தையும் ஒரு பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"உங்க பேரு காயாரோகணம்?"

"ஆமாம்."

"அப்பா மாரிமுத்து, பொறந்த ஊரு நாகப்பட்டினம். அவரோட அப்பாவும் காயாரோகணம்."

"ஆமாம். கிடைத்ததா?"

"கெடைக்காம என்னா? இவரு எறந்தத வந்து பதிஞ்சதே நீங்கதானே. மகன் காயாரோகணம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்புறம் எதுக்கு சார் வந்து, தெரியாது தெரியாதுன்னு என்னைய அலைக்கழிக்கிறீங்க?"

எனக்கு வந்த கோபத்தில் மேசையைத் தட்டிவிட்டேன். நான் இந்த ஊருக்கு வந்து இன்னும் அரை மாதம் ஆகவில்லை, என் பாஸ்போர்ட்டைப் பார், என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "உக்காருங்க சார்" என்றார்.

காயாரோகணம் என்பது எங்கள் ஊர்ச் சிவன் பெயர். எங்கள் ஊரைத் தாண்டினால் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட ஆள் கிடைக்காது. தாத்தாவுக்கு அந்தப் பெயர். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது எங்கள் வழக்கம், ஆகையால் எனக்கு. மாரிமுத்துவின் மூத்த மகன் இங்கேயும் ஒருவன் இருந்தால், அவனுக்கும் அதே பெயர்தான் வரும். நாற்காலியில் உட்கார்ந்தபிறகுதான் இது எனக்கு உறைத்தது.

தேதியைக் கேட்டேன். சொன்னார். அம்மா போவதற்கு வெகு முன்பே அப்பா போயிருக்கிறார். அப்படியானால் அம்மா அத்தனை நாளும் விதவை. தெரியாமல் பூ வைத்துக்கொண்டு, மஞ்சள் பூசிக்கொண்டு, வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். அதை நினைத்ததும் துக்கத்தோடு கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. ஒருவருக்கும் தெரியாததால் ஒருவரும் அவள் பூவைப் பறிக்கவில்லை. சவரிமுத்து ஒரு துண்டுத் தாளில் விலாசம் எழுதிக் கொடுத்தார். கிராஞ்சி, ரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடு. "போயிட்டு வாங்க சார். கோபமா போவாதீங்க" என்றார்.

கோபமாகத்தான் போனேன். கிராஞ்சிப் பக்கம் பஸ் என்பது வந்தால் உண்டு என்கிற கணக்கு. அது வராமல் போகவே, காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தினேன். சீன டிரைவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. தாளைக் காட்டினேன். தலையை ஆட்டிப் பின்னால் ஏறச் சொன்னார். காலிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, இருபுறமும் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு போனேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். எல்லாம் அப்பாவிடம் கேட்க வேண்டியவை. அவரிடம் கேட்க முடியாது என்பது அடிக்கடி மறந்து போயிற்று.

தகரக் கூரை போட்ட வீட்டு வாசலில் ஓர் இளைஞன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய காதுகள் என் காதுகள். கண்ணாடியில் பார்ப்பவனுக்குத் தெரியாதா?

"யாரு வேணும் சார்?"

"காயாரோகணம்."

"நான்தான். நீங்க?"

"நானும்தான்."

அவன் சிரித்தான். "நம்ம பேரு இன்னொருத்தருக்கா? நான் வேல செய்ற ஸ்டோர்ல எல்லாரும் என்னையக் காயான்னு கூப்பிடுவாங்க லா, ரொட்டில தடவுற காயா ஜாம்" என்றான். நான் சிரிக்கவில்லை. அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் சொன்னேன். அவன் கையிலிருந்த துணி நின்றது. "அந்த அண்ணன் சின்னப் புள்ளையிலேயே தவறிட்டாரே. காலராவுல, பெரியம்மாவும் அவரும் ஒண்ணாப் போயிட்டாங்கன்னு அப்பா சொல்லுவாரு" என்றான்.

அப்பா இருக்கிறாரா இல்லையா என்று கேட்டுக்கொண்டு கடல் கடந்து வந்தேன். இந்த வீட்டில் நான் செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

உள்ளேயிருந்து அவன் அம்மா வந்தாள். வெறும் நெற்றி, வெள்ளைப் புடவை, கைகளில் வளையல் இல்லை. எனக்குச் சின்னம்மா முறை. பாஸ்போர்ட்டையும், பள்ளியில் அம்மாவோடு எடுத்த போட்டோவையும் காட்டினேன். அவள் போட்டோவை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். சாவதானமாகத் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க அப்பா கேட்டாரு, தம்பி. மொதத் தாரம் இருந்தா பொண்ணு குடுக்க மாட்டேன்னாரு. ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னு சாமி மேல சத்தியம் பண்ணாரு" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் பெயர் விஷயம் எனக்கு முழுதாகப் புரிந்தது. இங்கே பிறந்த மூத்த மகனுக்குத் தாத்தா பெயரை வைக்காமல் விட்டிருந்தால், ஏன் வைக்கவில்லை, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறானா என்று பெண் வீட்டார் கேட்டிருப்பார்கள். என்னை மறைக்க வேண்டும் என்றால் என் பெயரை எடுத்து இவனுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சின்னம்மாவோ அந்தப் பெயரை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லையாம். முகமே பார்க்காத மாமனார் என்றாலும் மாமனார் மாமனார்தான். என் அம்மாவும் அப்படித்தான், என்னை "ஐயா" என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்காவுக்கு நான் ஒரு கொறையும் வக்கல" என்றாள் சின்னம்மா. "வருஷா வருஷம் புதுப் பொடவ எடுத்து, மஞ்ச குங்குமம் வச்சு, மூத்தாளுக்குன்னு படைச்சிடுவேன். பக்கத்துல சின்ன இலையா ஒண்ணு போட்டு உனக்குப் பாலும் பழமும் வப்பேன்."

இரண்டாம் தாரமாக வந்தவள் இறந்துபோன மூத்தாளுக்குப் புடவை வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்திலும் உண்டு. படைத்தபிறகு அந்தப் புடவையை யாராவது சுமங்கலிக்குக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அடக்க முடியவில்லை. "எங்கம்மா சாகுற வரைக்கும் ஒட்டுப் போட்ட புடவைதான் கட்டிக்கிட்டிருந்தா" என்றேன். "எத்தன தீபாவளிக்கு ஒண்ணும் எடுக்காம விட்டிருக்கோம் தெரியுமா? இங்க அவளுக்கு வருஷத்துக்கு ஒரு புதுப் புடவ வச்சு, எவளுக்கோ தூக்கிக் குடுத்திருக்கீங்க." என் குரல் பக்கத்து வீடுகள் வரை கேட்டிருக்கும். இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. தம்பி அசையாமல் நின்றான். சின்னம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என் கோபத்தை வாங்கிக்கொள்ள வேண்டியவர் செத்துப் போய்விட்டார், இவளிடம் கத்தி என்ன பிரயோஜனம் என்று அதன் பிறகுதான் தோன்றியது.

உட்கார்ந்தேன். அப்பாவின் திதியைக் கேட்டேன். "ஐப்பசி, தேய்பிறை சதுர்த்தி. நான்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன்" என்றான் தம்பி. தயங்கி, "நீங்க மூத்தவங்க. இனிமே நீங்க செய்ங்க அண்ணே" என்றான். இரண்டு பேரும் செய்யலாம், அவரவர் ஊரில் என்றேன். நான் கடல் கடந்து வந்த காரியம் அதோடு முடிந்துவிட்டது. கப்பல் ஏற வேண்டியதுதான் பாக்கி.

"அக்கா எப்பப் போனாங்க?" என்று கேட்டாள் சின்னம்மா.

நான் ஒரு திதி கேட்டு வந்தேன். அவளும் ஒரு திதி கேட்டாள். மார்கழி, வளர்பிறை ஏகாதசி என்றேன். அவள் அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லி மனதில் பதித்துக்கொண்டாள்.

"பூவோட போனாங்களா?"

"ஆமாம்."

"நல்லது" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத்தன வருஷம் கண்ட நாள்ல படைச்சிட்டேன். இனிமே சரியான நாள்ல செய்றேன்."

சோறு வேளை ஆகியிருந்தது. அவள் எழுந்து உள்ளே போனாள். நான் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கொல்லையிலிருந்து நறுக்கி வைத்திருந்த வாழையிலைக் கட்டில் ஒன்றை உருவி, தண்ணீர் தெளித்து, என் முன்னால் விரிக்கக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். "ஐயையோ, உனக்கு இல போடக் கூடாதுப்பா, இத்தன வருஷம் போட்டது போதும்" என்று அதைச் சுருட்டித் தூர வைத்துவிட்டு, தன் மகன் சாப்பிடும் பீங்கான் தட்டைக் கழுவிக் கொண்டுவந்து வைத்து, அதில் சோறு போட்டாள்.